எலொயிசாவை யாரும் அடிக்கவில்லை

"வீட்டுல உன்னை யாராவது அடிக்கிறாங்களா, எலொயிசா?"

"இல்ல அத்தை. எலொயிசாவ யாரும் அடிக்கல."

கேட்டவள் டால்வா. காஷொய்ரா வெல்யா ஊரின் குழந்தைகள் காப்பு மன்றத்துக்கு ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஐந்து பேரில் ஒருத்தி. பதில் சொன்ன சிறுமிக்கு எட்டு வயது. அடுமனைக்கு மேல்மாடியில் பளபளவென்று துடைத்த சாப்பாட்டு மேசை. அதன் மறுபக்கம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பொய் சொல்கிற பிள்ளைகளை டால்வாவுக்குத் தெரியும். பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர்கள் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள், நகத்தைக் கடிப்பார்கள், பதிலைக் கேள்விக்கு முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். இந்தப் பெண் அப்படி எதுவும் செய்யவில்லை. டால்வாவின் கண்ணைப் பார்த்து, நிதானமாக, உண்மையைச் சொன்னாள்.

ஆமாம், உண்மை. அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. வினையே அதில்தான் இருந்தது.

அனாமதேயமாக ஒரு ஃபோன் வந்ததால்தான் டால்வா வந்திருந்தாள். அடுமனைக்காரர் வீட்டில் தத்துப்பிள்ளை அழுகிற சத்தம் கேட்கிறது, அவ்வளவுதான் தகவல். விசாரணை முடிந்ததும் அடுமனைக்காரரின் மனைவி மரில்டா சோளமாவு கேக்கை வெட்டித் தட்டில் வைத்தாள். பக்கத்தில் ஆவி பறக்கும் காபி.

"யாரு ஃபோன் பண்ணினதுன்னு நான் கேக்க மாட்டேன், தோனா டால்வா. எதிர்ச்சாரி ரொட்டிக் கடைக்காரனாத்தான் இருக்கும். அவன் ரொட்டி மாதிரியே அவன் மனசும், உள்ளே வேகாது!" என்று சிரித்தாள். "நீங்க சாப்பிடுங்க. போன தேர்தல்ல எங்க சர்ச் சபையில எத்தனை பேருக்கு உங்க நம்பரை நான் எழுதிக் கொடுத்தேன்னு தெரியுமா?"

தெரியும். டால்வா ஜெயித்ததே அந்தச் சபையின் ஓட்டில்தான்.

இரண்டு துண்டு சாப்பிட்டாள். அலுவலகம் திரும்பி, "குழந்தை மறுக்கிறது. கோப்பு முடிக்கப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அது மார்ச் மாதம்.

மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளியிலிருந்து அழைப்பு.

"பெரிய விஷயம் ஒண்ணுமில்ல" என்றாள் ரொசாலினா. எலொயிசாவின் வகுப்பு ஆசிரியை, இளையவள், பேச்சில் வேகம் அதிகம். மதியச் சாப்பாட்டு நேரம். கூடத்தில் பிள்ளைகள் சோறும் அவரையுமாக வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "எலொயிசா வீட்டுல ரொண்டோனியா மாநிலத்துக்குக் குடிபோறாங்களாம். சனிக்கிழமை கிளம்புறாங்க. மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தாங்க. சரி, அனுப்புறதுக்கு முன்னால உங்க காதுல ஒரு வார்த்தை போட்டு வைப்போமேன்னு."

"சொல்லு."

"அவளுக்கு ஒரு கற்பனைத் தோழி இருக்கா, டால்வா. பேரு ஜுசாரா. பாட்டில் உடைஞ்சா ஜுசாரா உடைச்சா. கணக்கு தப்பாப் போனா ஜுசாரா போட்டது. எலொயிசா மட்டும் எப்பவும் சமத்து!" ரொசாலினா சிரித்தாள். "கெட்டிக்காரி. எனக்கும் அப்படி ஒருத்தி இருந்தா என் புருஷன்கிட்ட எவ்வளவு வசதியா இருக்கும்!"

"எங்க இருக்காளாம் அந்தத் தோழி?"

"நானும் கேட்டேன். வீட்டுப் பின்கட்டுல, துணி துவைக்கிற இடத்துலயாம். அம்மா கூப்பிட்டாத்தான் வருவாளாம். ஆளுங்க முன்னாடி அம்மா அவளைக் கூப்பிட மாட்டாங்களாம். கூப்பிட்டா..."

ரொசாலினாவின் குரல் தேய்ந்தது. இத்தனை நாள் மனசுக்குள் வேடிக்கையாக இருந்த கதை, வாய்விட்டுச் சொன்னதும் வேறொன்றாக மாறிக்கொண்டிருப்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"கூப்பிட்டா?"

"கூப்பிட்டா அடி விழுமாம். ஜுசாராவுக்கு." கையிலிருந்த கரண்டியை மேசையில் வைத்தாள். "மாதாவே! டால்வா, நான் இதைக் கேட்டுச் சிரிச்சேனே. அவ சொன்னப்போ நான் சிரிச்சேன்."

டால்வா அவளைத் தேற்ற நிற்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அலுவலகத்தில் ஜில்மார் மட்டும் இருந்தான். மன்றத்தில் இன்னொரு உறுப்பினர். முப்பத்தைந்து வயது, வயிறு ஐம்பதுக்கு. தோற்றுப்போன கால்பந்து அணியின் சட்டையைப் பிடிவாதமாகப் போட்டிருந்தான்.

"வா தாயே! முகத்தைப் பாத்தா நம்ம அணியை விட மோசமா அடி வாங்கின மாதிரி இருக்கு."

"ஜில்மார், ஜுசாராங்கிற பேருல நம்மகிட்ட கோப்பு ஏதாவது இருக்கா?"

எங்கும் போல அங்கேயும் கோப்புகளை முதல் பெயரின் அகரவரிசையில்தான் அடுக்கியிருந்தார்கள். எலொயிசா ஒரு இழுப்பறை, ஜுசாரா இன்னொன்று. இடையில் ஒரே ஒரு இழுப்பறைதான்.

ஜில்மார் கோப்பைக் கண்டுபிடித்தான். மெல்லிய கோப்பு, இரண்டே தாள். போன ஆகஸ்ட் மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்தது. அடுமனையில் வேலை செய்யும் பெண் ஒரு சிறுமியை அழைத்து வந்திருக்கிறாள். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு, முதுகில் பழைய தழும்புகள். பெயர் என்ன என்று செவிலி கேட்டிருக்கிறாள். "ஜுசாரா" என்றிருக்கிறது பிள்ளை. செவிலி தேடினாள். அந்தப் பெயரில் பழைய தடுப்பூசி அட்டையும் இருந்தது. சந்தேகமே இல்லாமல் அந்தப் பெயரிலேயே அறிக்கை அனுப்பிவிட்டாள்.

இரண்டாவது தாள் ஜில்மாரின் கையெழுத்தில்: "மேற்படி முகவரியில் அப்படி ஒரு குழந்தை இல்லை. முடிக்கப்படுகிறது."

அவன் நின்றபடியே இரண்டு தடவை படித்தான். சட்டைக் கழுத்தைத் தளர்த்திக்கொண்டான்.

"நான் போனேன் டால்வா. சத்தியமாப் போனேன். 'ஜுசாராங்கிற பொண்ணு இங்க இருக்காளா?'ன்னு கேட்டேன். அந்தம்மா சிரிச்சிட்டே பிறப்புச் சான்றிதழைக் கொண்டாந்து காட்டினாங்க. எலொயிசான்னு இருந்துச்சு. அவங்க பெத்த பிள்ளை மாதிரியே, அப்பா பேரு, அம்மா பேரு எல்லாம் சுத்தமா. வேற பிள்ளை இல்லைன்னாங்க." நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். "கையில கட்டு போட்டுக்கிட்டு அந்தப் பொண்ணு கதவோரமா நின்னுச்சு. மரத்துல இருந்து விழுந்துட்டான்னாங்க. நான் அவ தலையைத் தடவிக் கொடுத்துட்டு வந்தேன்."

டால்வா பிறந்த தேதிகளைப் பார்த்தாள். இரண்டு கோப்பிலும் ஒரே நாள்.

தத்து முடிந்தால் பழைய பிறப்புப் பதிவை ரத்து செய்துவிடுவார்கள். பெற்றோர் விரும்பினால் பிள்ளையின் பெயரையும் மாற்றலாம். பழைய பெயர் நீதிமன்றத்தில் முத்திரை வைத்த உறைக்குள் போய்விடும். அதை யாரும் எழுதக்கூடாது, சொல்லக்கூடாது. குற்றம். நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான். அநாதை விடுதியில் கிடந்த நாட்கள், வால் நுனியில் கட்டிய தகர டப்பா மாதிரி ஒரு பிள்ளையைத் துரத்தக்கூடாது என்று போட்ட சட்டம்.

அந்தச் சட்டத்துக்குள் மரில்டா ஒரு அறை கட்டிக்கொண்டாள். நல்ல பிள்ளைக்கு எலொயிசா என்று பெயர். அவள் சபையில் பாடுவாள், விருந்தாளிக்குக் காபி கொண்டு வருவாள். தப்பு செய்தால் அவள் எலொயிசா இல்லை. பின்கட்டுக்குப் போக வேண்டிய ஜுசாரா. காகிதத்தில் இல்லாத பிள்ளை. இல்லாத பிள்ளையை அடித்தால் யார் கேட்பது?

டால்வாவும்தான் கேட்டாள், மார்ச் மாதத்தில். தப்பான பிள்ளையைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்தாள்.

"சனிக்கிழமை கிளம்பிடுவாங்க" என்றாள் டால்வா. "ரெண்டாயிரம் கிலோமீட்டர். அங்க இருக்கிற மன்றத்துக்கு எலொயிசாங்கிற பேர்ல ஒரு முடிஞ்ச கோப்புதான் போகும். அதையும் என் கையாலதான் முடிச்சிருக்கேன்."

அன்று மாலையே நீதிமன்றப் பதிவறைக்குப் போனாள். உறையைத் திறக்க மனு போடலாம், இருபது வேலை நாள் ஆகும் என்றார் எழுத்தர். அரசு மருத்துவர் மறுநாள் பிள்ளையைப் பார்த்துவிட்டு, "பழைய தழும்புகள், காரணம் நிச்சயமாகச் சொல்ல இயலாது" என்று எழுதிக் கொடுத்தார். டால்வா கெஞ்சிக் கூத்தாடியதில் வியாழன் மதியம் இரண்டு மணிக்கு ஓர் அவசர விசாரணை மட்டும் கிடைத்தது.

பிள்ளையைத் தனி அறையில் உட்கார வைத்து ஓர் உளவியலாளர் கேட்பாள். மற்றவர்கள் பக்கத்து அறையில் திரையில் பார்க்க வேண்டும். நீதிபதி அமில்கார் நடுவில். ஒரு பக்கம் மரில்டாவின் வக்கீல் எவரார்து. இன்னொரு பக்கம் டால்வா. மரில்டா தாழ்வாரத்தில் காத்திருந்தாள்.

"எலொயிசா, உனக்கு வலிக்கிற மாதிரி யாராவது ஏதாவது செஞ்சிருக்காங்களா?"

"இல்ல அத்தை. எலொயிசாவ யாரும் ஒண்ணும் செய்யல."

டால்வா முன்னால் சாய்ந்தாள். "ஐயா, அவளை இன்னொரு பேர்ல கேக்கச் சொல்லுங்க. ஒரே ஒரு தடவை."

எவரார்து எழுந்தேவிட்டார். "எந்தப் பேரு? இந்த நீதிமன்றமே அழிச்ச பேரா? ஐயா, ஆளே இல்லாத ஒரு பிள்ளையோட மருத்துவ அறிக்கையை வெச்சுக்கிட்டு ஒரு குடும்பத்தை நிறுத்தப் பாக்குறாங்க. அடுத்து ஆவி வந்து சாட்சி சொல்லும்னு சொல்லுவாங்களா?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தோனா டால்வா, அந்தத் தத்து உத்தரவுல கையெழுத்துப் போட்டது நான். உங்க ஊகத்துக்காக என் முத்திரையை நானே உடைக்க முடியாது. வீட்டுல நீங்க, நேத்து டாக்டர், இப்போ இங்க, மூணு தடவை கேட்டாச்சு. மூணு தடவையும் இல்லைங்குது."

"அப்போ, வீட்டுல வேற எப்படிக் கூப்பிடுவாங்கன்னாவது கேக்கச் சொல்லுங்க ஐயா. அதுல சட்டம் எங்க உடையுது?"

அவர் யோசித்தார். காதுக்கருவி வழியாகக் கேள்வி அந்த அறைக்குப் போயிற்று.

"எலோன்னு கூப்பிடுவாங்க" என்றாள் சிறுமி.

"வேற?"

சிறுமி முதல் முறையாகத் தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்த்தாள்.

"வேற ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லக்கூடாது. கோர்ட்டுல பெரிய ஐயா அழிச்சிட்டாரு. சொன்னா போலீஸ் பிடிக்கும்னு அம்மா சொல்லியிருக்காங்க."

 துடைத்த கண்ணாடியை நீதிபதி மறுபடியும் துடைத்தார்.

"பதினஞ்சு நிமிஷம் இடைவேளை" என்றார்.

தாழ்வாரத்தில் மரில்டாவும் அவள் கணவனும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சிறுமியைக் கூட்டி வந்து அவர்கள் பக்கத்தில் விட்டாள் நீதிமன்ற ஊழியை. பிள்ளை சீஸ் உருண்டை ரொட்டி ஒன்றைக் கடிக்காமல் கையில் வைத்திருந்தது. எவரார்து குனிந்து மரில்டாவின் காதில் சொன்னார். ஆனால் வக்கீல்களுக்குக் காதில் சொல்லவும் உரக்கத்தான் வரும்.

"கவலையே வேண்டாம். இதுல ஒண்ணும் நிக்காது. அஞ்சு மணிக்குள்ள மூட்டையைக் கட்டலாம்."

 நீதிபதியின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவர் யாருடனோ ஃபோனில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். உறையைத் திறக்கத்தான் சொல்கிறாரா? இல்லை, வேறு ஏதாவதா? பத்து நிமிஷம் பொறுத்திருந்தால் தெரிந்திருக்கும். டால்வா பொறுக்கவில்லை. பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியாமலே போயிற்று.

பெஞ்சுக்கு எதிரே போய் நின்றாள்.

"ஜுசாரா" என்றாள்.

சத்தமாகக்கூட இல்லை. சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டாள்.

சிறுமி ரொட்டியைப் பெஞ்சின் மேல் ஓரமாக வைத்தாள். எழுந்தாள். எதிர்ச்சுவர் வரைக்கும் நடந்தாள். சுவரைப் பார்த்து மண்டியிட்டாள். சட்டையின் பின்பக்கத்தைத் தானே கழுத்துவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, தெளிவான குரலில் எண்ண ஆரம்பித்தாள்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

ஒரு அடியும் விழவில்லை. ஆனாலும் ஒவ்வொரு எண்ணுக்கும் அந்த முதுகு வெட்டி வெட்டிச் சுருங்கியது.

"இங்க இல்லடி!" மரில்டா துள்ளி எழுந்தாள். "எந்திரி! இங்க இல்ல, வீட்டுக்குப் போய்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. கையால் வாயை மூடினாள். கணவன் தரையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தான். எவரார்து பையின் பூட்டை அழுத்தினார். அந்தக் க்ளிக் சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

நீதிபதி அமில்கார் வாசலில் நின்றிருந்தார். கையில் ஃபோன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

"ஏழு... எட்டு..."

"நிறுத்தச் சொல்லுங்க!" என்றார் அவர், யாரிடம் என்றில்லாமல். "யாராவது அந்தப் பிள்ளையை நிறுத்தச் சொல்லுங்களேன்!"

டால்வா ஓடிப்போய்த் தோளைத் தொட்டாள். அதுதான் அவள் செய்த அடுத்த தப்பு. தொட்டதும் பிள்ளையின் எண்ணிக்கை வேகமாயிற்று. கடைசியில் நீதிமன்ற ஊழியைதான், அந்தப் பருத்த பெண், தரையில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல், சட்டையை மெதுவாகக் கீழே இழுத்து விட்டாள். இருபதில் எண்ணிக்கை நின்றது. இருபதுதான் வழக்கம் போலிருக்கிறது.

அதன் பிறகு எல்லாம் மின்னல் வேகத்தில் நடந்தது. இருபது வேலை நாள் ஆக வேண்டிய உறை இருபது நிமிஷத்தில் மேசைக்கு வந்தது. மரில்டாவும் கணவனும் ஊரை விட்டுப் போகத் தடை. பிள்ளையை உடனே அரசு விடுதிக்கு அனுப்ப உத்தரவு. உளவியலாளர் மறுபடி அந்த அறைக்குள் போனாள். இந்தத் தடவை பெயரே சொல்லாமல் கேட்டாள். பிள்ளை முக்கால் மணி நேரம் பேசியது. கடிகாரம் பார்த்துச் சொல்வது போல, எந்தக் கிழமை, எந்தக் குச்சி என்று வரிசையாகச் சொன்னது.

"இதெல்லாம் யார்கிட்டயாவது சொன்னியாம்மா? மன்றத்துலேர்ந்து ஒரு அத்தை வீட்டுக்கு வந்தாங்களே, அவங்ககிட்ட?"

"அவங்க ஜுசாராவப் பத்திக் கேக்கல" என்றது பிள்ளை.

திரைக்கு முன்னால் நீதிபதி டால்வாவின் பக்கம் திரும்பவில்லை. டால்வாவும் அவர் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பெயரை அழித்த கையெழுத்து அவருடையது, கோப்பை மூடிய கையெழுத்து இவளுடையது. யார் முகத்தை யார் பார்ப்பது?

"முத்திரை வெச்ச பேரை வெளியிட்டதுக்கு உங்க மேல நடவடிக்கை வரும்" என்றார் அவர், திரையைப் பார்த்தபடியே. "அதை நான்தான் எழுதியாகணும்."

"எழுதுங்க ஐயா. மார்ச் மாசத்துக்கும் சேர்த்து எழுதுங்க."

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. நீதிமன்ற வாசலில் விடுதியின் வெள்ளை வண்டி நின்றது. ஓட்டுநர், வழுக்கைத் தலைக்காரர், பின்கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். ஜில்மாரும் வந்துவிட்டான். அணிச் சட்டையை மாற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில்.

"நீ கூடப் போறியா தாயே? புது இடம். தெரிஞ்ச முகம் ஒண்ணு பக்கத்துல இருந்தா நல்லது."

டால்வாவுக்கும் அதுதான் ஆசை. பக்கத்தில் உட்கார வேண்டும். ஒன்றும் கேட்க வேண்டாம், சும்மா உட்கார்ந்தால் போதும். படியிறங்கி வண்டியை நோக்கி நடந்தாள்.

ஊழியையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த சிறுமி அவளைப் பார்த்துவிட்டாள். அங்கேயே நின்றுவிட்டாள். ஊழியை இழுத்துப் பார்த்தாள், பிள்ளை நகரவில்லை. டால்வாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வாயிலிருந்து அடுத்து என்ன வரும் என்று பார்க்கிற பார்வை. மரில்டாவுக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது உலகத்திலேயே இந்த ஒருத்திதான்.

"அந்த அத்தையும் வண்டியில வர்றாங்களா?" என்று ஓட்டுநரிடம் கேட்டது.

அவர் டால்வாவைப் பார்த்தார். டால்வா வாயைத் திறக்காமல், இல்லை என்று தலையை மட்டும் அசைத்தாள். இரண்டடி பின்னால் நகர்ந்தாள். பிறகு இன்னும் இரண்டடி.

"இல்லம்மா" என்றார் அவர். "நாம மட்டும்தான்."

பிள்ளை வண்டியில் ஏறியது.